நிலமும் அம்மாவும் இளைப்பாறிய நாட்கள்



ஓய்வு என்னும் சொல்லை நம் சபைகளில் சற்றுத் தயக்கத்தோடுதான் உச்சரிக்கிறோம். வேலை செய்து களைத்தேன் என்று சொல்வதில் நமக்குப் பெருமை உண்டு. இளைப்பாறினேன் என்று சொல்வதிலோ கூச்சம். போதகருக்கு அந்தக் கூச்சம் இரண்டு மடங்கு. கடந்த மே மாதம் குடும்பத்தோடு சில நாட்கள் வெளியூர் செல்கிறோம் என்று சொன்னபோது, மூப்பர் ஒருவர், “எந்த ஊர்க் கன்வென்ஷன், ஐயா?” என்று அக்கறையோடு கேட்டார். கன்வென்ஷன் ஒன்றும் இல்லை, கேரளத்தில் குமரகம் என்னும் ஊரில் ஏரிக்கரையில் தங்கப் போகிறோம் என்றேன். “அப்படியானால் அங்கே ஆராதனை எத்தனை மணிக்கு?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆயினும் அந்தக் கேள்வியைச் சிரிப்போடு விட்டுவிட முடியாது. ஓய்வுக்காக மட்டுமே ஓர் இடத்துக்குச் செல்வது தகுமா என்று மனம் உறுத்துகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். சீஷர்கள் ஊழியத்தை முடித்துத் திரும்பி வந்து, தாங்கள் செய்தவை அனைத்தையும் அறிவிக்கிறார்கள். ஆண்டவர் உடனே அடுத்த வேலையைக் கொடுக்கவில்லை. உண்பதற்கும் நேரமில்லாதிருந்த அவர்களைக் கூட்டத்திலிருந்து விலக்கி, கொஞ்சம் ஓய்ந்திருக்கும்படி படகில் ஏற்றி அழைத்துச் செல்கிறார். படகு கரை சேருமுன் ஜனங்கள் ஓடிவந்து கூடிவிட்டார்கள் என்பதும் உண்மையே. கிடைத்த ஓய்வு குறுகியதாயிற்று. ஆனால் அதைக் கொடுக்க விரும்பியவர் ஆண்டவர்தாம்.

எங்கள் வீட்டில் ஓய்வு அதிகம் தேவைப்பட்டவர் என் தாயார். அவருக்கு வயது 74. தகப்பனார் பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்த நான்கு ஆண்டுகளும் அம்மாவின் கையால் அல்லாமல் வேறு எவர் கையாலும் கஞ்சி குடிக்கச் சம்மதிக்கவில்லை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அப்பா கர்த்தருடைய சமுகத்துக்குச் சென்று ஓராண்டு கடந்தும் அம்மா அதே நேரங்களில் விழித்துக்கொண்டிருந்தார். எழுந்து உட்காருவார்; பக்கத்துக் கட்டில் காலியாயிருப்பதைப் பார்ப்பார்; பிறகு அடுக்களைக்குச் சென்று, கழுவிவைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவுவார். நோய் ஒன்றும் இல்லை, உறக்கம்தான் இல்லை என்றார் மருத்துவர். என் மனைவி இரண்டு ஆண்டுகளாகக் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்து என் முன் வைத்து, “அத்தையை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவோம். அங்கே அடுக்களை இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை” என்றாள்.

திருநெல்வேலியிலிருந்து இரவில் புறப்படும் பாலருவி விரைவு இரயிலில் செங்கோட்டை, கொல்லம் வழியாகச் சென்று காலையில் கோட்டயத்தில் இறங்கினோம். அங்கிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் வேம்பநாட்டு ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது குமரகம். இந்தியாவின் மிக நீளமான ஏரி இது. 2002இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பரப்பில் அடங்குவது. பிரதமராயிருந்த அடல் பிகாரி வாஜ்பாய் 2000ஆம் ஆண்டின் கடைசி நாட்களை இங்கே கழித்தார். புத்தாண்டு பிறந்தபோது, தேசத்தின் பெரிய சிக்கல்களைப் பற்றிக் குமரகத்திலிருந்து அவர் எழுதிய சிந்தனைகள் நாளேடுகளில் வெளிவந்தன. அலுவல்கள் நிறைந்த மனிதருக்கும் தெளிவாகச் சிந்திக்க ஓர் ஏரிக்கரை வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்த ஊரோடு ஒரு பழைய உறவும் உண்டு. திருநெல்வேலியில் ஊழியம் செய்த அதே சி.எம்.எஸ். சங்கம்தான் 19ஆம் நூற்றாண்டில் கோட்டயத்திலும் ஊழியம் செய்தது. அங்கே மிஷனரியாயிருந்த பேக்கர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் குமரகத்தின் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தோட்டமாக்கினார். அந்தப் பழைய தோட்டத்தின் ஒரு பகுதியே இன்று 14 ஏக்கர் பறவைகள் சரணாலயமாக இருக்கிறது. மனிதர் உழைத்துத் திருத்திய நிலம் பறவைகளின் கைக்குத் திரும்பிவிட்டது.

நாங்கள் தங்கிய விடுதி பெரிய ரிசார்ட்டுகளைப் போன்றதன்று. ஓட்டுக்கூரை வேய்ந்த சில குடில்கள், நடுவில் தென்னந்தோப்பு, தோப்பு முடியும் இடத்தில் ஏரி. பிள்ளைகள் இருவரும் முதல் ஒரு மணி நேரத்திலேயே நீச்சல் குளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பின் அவர்களைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை.

அம்மாதான் திகைத்துப் போனார். முதல் நாள் காலை நான்கு மணிக்கே எழுந்து எல்லாப் படுக்கைகளையும் தட்டி விரித்தார். தேநீர்க் கோப்பைகளைக் குளியலறையில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். துண்டுகளைத் துவைத்து வராந்தாவில் உலரப் போட்டார். வேலை தீர்ந்துபோனதும் என்னைப் பார்த்து, “மக்களே, நான் இங்க வந்து என்ன செய்ய?” என்று கேட்டார். குழந்தை கேட்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி. வாழ்நாள் முழுவதும் பிறருக்குப் பணிவிடை செய்த ஒருவரிடம், சும்மா இரும் என்று சொல்வது எவ்வளவு கடினமான கட்டளை என்று அப்போது விளங்கியது.

அவருடைய கேள்விக்குப் பதில் கொடுத்தவர், அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண். நாற்பது வயதிருக்கும். அம்மா மார்த்தாண்டத்துப் பக்கம் பிறந்தவராதலால் மலையாளம் தடையின்றிப் பேசுவார். அந்தப் பெண் விரித்திருந்த படுக்கைகளைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்று, பிறகு மெதுவாகச் சொன்னார்: “அம்மச்சி, நீங்கள் விரித்ததை நான் கலைத்துவிட்டு எங்கள் முறைப்படி மறுபடியும் விரிக்க வேண்டும். ஈரத் துண்டை மறுபடியும் துவைக்கப் போட வேண்டும். எனக்கு வேலை இரட்டிப்பாகிறது.” அம்மா வாயடைத்துப் போனார். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்த சத்தம் வெளியே கேட்டது.

தமக்காக ஓய்ந்திருக்க முடியாத அம்மா, அந்தப் பெண்ணுக்காக ஓய்ந்திருக்க இசைந்தார். மறுநாள் காலை கோப்பையைத் தொடவில்லை. கட்டிலின் மேல் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். விரல்கள் மட்டும் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் வந்ததும், “உனக்கு ஓய்வு என்றைக்கு?” என்று கேட்டார். “புதன்கிழமை, அம்மச்சி. அன்றைக்குத்தான் வீட்டுத் துணியெல்லாம் துவைப்பேன்” என்று பதில் வந்தது. “எல்லா ஊரிலும் அப்படித்தான்” என்றார் அம்மா. இந்த முறை இருவரும் சிரிக்கவில்லை.

பிற்பகல்களில் வெயில் தாழ்ந்தபின் வெளியே சென்றுவந்தோம். சரணாலயத்தில் பாம்புத்தாரா ஒன்று மரக்கிளையில் இறக்கைகளை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றது. நீர்க்காகங்கள் முழுகி எழுந்தன. கொக்குகள் அசையாமல் நின்றன. மே மாதத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் எண்ணிக் களைக்கும் அளவுக்கு உள்ளூர்ப் பறவைகள் இருந்தன. பாம்புத்தாரா ஏன் மீன் பிடிக்காமல் சும்மா நிற்கிறது என்று மகள் கேட்டாள். அதன் இறகுகள் நீரில் நனைந்துவிடும் இயல்புடையவை. உலர்த்திக்கொண்டால்தான் அது நன்றாகப் பறக்க முடியும் என்று வழிகாட்டி விளக்கினார். அது சும்மா நிற்பதும் அதன் பிழைப்பின் ஒரு பகுதிதான்.

மற்றொரு நாள் சிறு வள்ளம் ஒன்றில் வாய்க்கால்களுக்குள் சென்றோம். வழியில் பழைய கெட்டுவள்ளங்கள் இப்போது பயணிகளின் படகு வீடுகளாய் மிதந்துகொண்டிருந்தன. அயினிப் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டிய அந்தப் படகுகள் ஒருகாலத்தில் நெல் சுமந்தவை. குட்டநாட்டின் நெல்வயல்கள் கடல்மட்டத்தைவிட 0.6 மீட்டர் முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்தவை. ஏரிக்குள் சேற்றால் வரம்பு கட்டி, உள்ளே நின்ற நீரை இறைத்து உண்டாக்கிய நிலம் அது. அந்த வரம்புகளுக்குச் சேறு சுமந்தவர்கள் நிலமற்ற ஏழைகள். 2013இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு இந்த வேளாண் முறையை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது.

நாங்கள் சென்றபோது வயல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீர். அதன்மேல் வாத்துக் கூட்டங்கள். புஞ்சை அறுவடை முடிந்ததும் மடைகளைத் திறந்து வயலுக்குள் நீரை விட்டுவிடுவார்கள் என்றார் வள்ளம் செலுத்தியவர். நீர் உள்ளே நிற்கும்போது வண்டல் படிகிறது, மண்ணின் புளிப்பும் உப்பும் கழுவப்படுகின்றன, களைகள் மடிகின்றன. சிந்திய நெல்லை வாத்துகள் தின்று எருவிடுகின்றன. மழைக்காலம் கழிந்தபின் மோட்டார் வைத்து நீரை இறைத்துவிட்டு மறுபடியும் விதைப்பார்கள். “இப்போது வயல் உறங்குகிறது, சாரே” என்றார் அவர். அம்மா அந்த நீர்ப்பரப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாலையில் தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கும் சென்றோம். ஏரியின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்த அணை 1970களில் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறக்குறைய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதன் மதகுகளை மூடிவைப்பார்கள். கடலின் உப்பு நீர் வயல்களுக்குள் ஏறாமல் இருக்க அது தேவை. ஆனால் மூடிய மாதங்களில் ஏரி மூச்சு முட்டுகிறது. உப்பு வந்து போகாததால் ஆகாயத்தாமரை அடர்ந்து படர்கிறது, அழுக்கு தங்குகிறது, உப்பு கலந்த நீரில்தான் பெருகக்கூடிய கறுப்பு மட்டி குறைகிறது. மட்டி அள்ளிப் பிழைப்போருக்கும் மீனவருக்கும் மதகு திறந்திருக்க வேண்டும். உழவருக்கு அது மூடியிருக்க வேண்டும். இரு தரப்பிலும் பசித்த வயிறுகள் உண்டு. விருந்தாளியாய் வந்த நான் தீர்ப்புச் சொல்ல இடமில்லை. நாங்கள் சென்ற நாளில் மதகுகள் திறந்திருந்தன. தேங்கிக் கிடந்த நீர் அசைந்து கடலை நோக்கி நகர்ந்ததைப் பாலத்தின் மேலிருந்து எல்லாரும் பார்த்தோம்.

மூன்றாம் நாள் பிற்பகல் கோடை மழை பெய்தது. ஏரியும் வானமும் ஒரே நிறமாயின. வராந்தாவில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே உறங்கிவிட்டார். மனைவி ஓசையின்றி ஒரு போர்வையைப் போர்த்தினாள். பிள்ளைகள் விரல் நுனியில் நடந்தார்கள். கால் மணி, அரை மணி என்று எண்ணிக்கொண்டிருந்தோம். இரண்டு மணி நேரம் கடந்தது; அவர் எழவில்லை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் உறங்கினார். விளக்கேற்றும் வேளையில் கண் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியாமல் எங்களைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “உங்க அப்பா போனப் பொறவும் என் காது மட்டும் முழிச்சுக்கிட்டே கெடந்துது, மக்களே. கூப்பிடுவாரு, கூப்பிடுவாருன்னு. இன்னைக்கு மழ அந்தக் காத மூடிட்டு.”

அன்றிரவு அப்பாவைப் பற்றி அம்மா வெகுநேரம் பேசினார். அவர் அழுததும் அன்றைக்குத்தான். அடக்க ஆராதனையில் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தவருக்கு அழுவதற்கு நேரம் இருந்திருக்கவில்லை. துக்கத்துக்கும் ஓய்வு நேரம் வேண்டும், பிரியமானவர்களே. வேலை என்னும் மதகை மூடியே வைத்திருந்தால் உள்ளே நிற்கும் நீர் எங்கே போகும்?

ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை நாம் சிறு பிராயத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதில் யார் யார் ஓய்ந்திருக்க வேண்டும் என்னும் பட்டியலைக் கவனியுங்கள். நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசல்களுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று அது நீளுகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரம் அதன் நோக்கத்தையும் சொல்லுகிறது: உன்னைப் போலவே உன் வேலைக்காரரும் இளைப்பாற வேண்டும். லேவியராகமம் 25ஆம் அதிகாரமோ நிலத்தையே அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. ஏழாம் வருஷத்தில் நிலம் ஓய்ந்திருக்க வேண்டும். அந்த ஓய்வு கொடுக்கப்படாமற்போனபோது என்ன நேர்ந்தது என்று இரண்டாம் நாளாகமத்தின் கடைசி அதிகாரம் சொல்லுகிறது. ஜனங்கள் சிறைப்பட்டுப் போன 70 வருஷங்களில் நிலம் தன் ஓய்வை எடுத்துக்கொண்டது. கொடுக்காத ஓய்வை நிலம் தானே எடுத்துக்கொள்ளும், உடலும் அப்படியே.

அந்தப் பட்டியலில் மனைவி, தாய் என்னும் சொற்கள் தனியே இல்லை. ‘நீ’ என்னும் முதற்சொல்லில் அவர்களும் அடக்கம் என்று வேத அறிஞர்கள் விளக்குவதுண்டு. நல்ல விளக்கம். ஆனால் நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நடப்பது என்ன? ஆராதனையில் ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன்பே பாதிப் பெண்களின் மனம் அடுக்களைக்குப் போய்விடுகிறது. இறைச்சிக் குழம்பும் விருந்தினரும் உள்ள நாள் அது. வாரத்தில் மிகக் கடினமான வேலைநாள் எது என்று நம் தாய்மாரைக் கேட்டால், கர்த்தருடைய நாள் என்று பதில் வரக்கூடும்.

இதை வாசிக்கும் சிலர், ஏரிக்கரையில் தங்கப் பணம் உள்ளவர்களுக்குத்தான் ஓய்வு என்று எண்ணலாம். அந்த எண்ணத்தில் உண்மை இருக்கிறது. நம் சபையிலேயே பீடி சுற்றும் சகோதரிகள் இருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. முறத்தைக் கீழே வைத்த நாளில் கூலி இல்லை. அவர்களிடம் போய் ஓய்ந்திருங்கள் என்று உபதேசம் செய்வது எளிது. அவர்களுடைய ஓய்வுக்கு ஆகும் விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி. கட்டளை முதலில் பேசுவது வேலை வாங்குகிறவனிடம் என்பதை நாம் கவனிக்க வேண்டும். என் அம்மாவுக்குக் கிடைத்த ஓய்வும் என் மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தாலும், புதன்கிழமைதோறும் துணி துவைக்கும் ஒரு பெண்ணின் உழைப்பாலும் உண்டானது. யாரோ ஒருவர் கொடுக்காமல் இன்னொருவருக்கு ஓய்வு இல்லை.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களை உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன். முதலாவது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு எளியதாய் இருக்கட்டும். சனிக்கிழமை வைத்த புளிக்குழம்பும் அப்பளமும் போதும். பாத்திரங்களை வீட்டு ஆண்கள் கழுவட்டும். இரண்டாவது, உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் கூலி குறையாமல் விடுப்புக் கொடுங்கள். மூன்றாவது, படுக்கையில் கிடப்பவரைப் பராமரிக்கும் ஒருவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நோயாளியை விசாரித்து ஜெபித்துவிட்டு வருகிறோம். வாசல் வரை வந்து வழியனுப்புகிறவரை யார் விசாரிக்கிறார்கள்? அவரிடம், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் மூன்று மணி நேரம் போய் உறங்குங்கள் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் சபையில் ஜூன் மாதம் முதல் சனிக்கிழமைதோறும் வாலிபர் சிலர் அப்படி நான்கு வீடுகளில் உட்காருகிறார்கள். அந்த வீடுகளுக்கு அவர்களை அனுப்பும் அட்டவணையை எழுதுகிறவர் என் அம்மா.

வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களைத் தம்மிடத்தில் அழைக்கிற ஆண்டவர் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவாராக. உங்கள் கைகளின் வழியாய் வேறொருவருக்கும் அதைத் தருவாராக. ஆமென்.